இல்லாத நாட்டு மாப்பிள்ளை

உலகத்தில் மொத்தம் எத்தனை நாடுகள் என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்கு மூச்சு விடுவதற்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள்தான் நான். அது தப்பான பதில் என்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பதிலால், எனக்கு வந்த ஒரு நல்ல சம்பந்தம் திருச்சானூர் கோயில் குளத்துப் படிக்கட்டில், பட்டப்பகலில், ஊர் பார்க்க முறிந்துபோனது. முறித்தது ஜாதகம் இல்லை, மாமியாரும் இல்லை. சாட்சாத் நானேதான்.

அப்போது நான் திருப்பதியில் எம்.சி.ஏ. கடைசி வருஷம். சொந்த ஊர் ஆந்திராவுக்குள், வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். நைனா (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர். பிறகு அரசாங்கம் கொடுத்த கொஞ்சம் நிலத்தில் வேர்க்கடலை போட்டு என்னைப் படிக்கவைத்தார். நான் என்ன படித்தேன் என்பது வேறு விஷயம். ஹாஸ்டலுக்கு எதிரே ஒரு இன்டர்நெட் சென்டர் இருந்தது. புராஜெக்ட் வேலை என்று சொல்லிவிட்டு தினமும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன்.

புராஜெக்ட்டாவது ஒன்றாவது! அங்கே நான் செய்ததெல்லாம் பூகோள வினாடி வினா. திரையில் வெள்ளையாக ஒரு உலகப் படம் வரும். கால் மணி நேரத்துக்குள் எல்லா நாடுகளின் பெயரையும் ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். சரியாக அடித்தால் அந்த நாடு பச்சையாகும். நான் ஒன்பது நிமிஷத்தில் பூமி முழுக்கப் பச்சையாக்கிவிட்டு, சோம்பல் முறித்து, சென்டர்காரரை ஒரு பார்வை பார்ப்பேன். அவர், "மேடம், டைம் அயிப்போயிந்தி" என்பார், டைம் முடிந்துவிட்டதாம். (எங்கள் மண்டலத்து கிராமங்களின் பெயரைக் கேட்டிருந்தால் பாதிகூடத் தேறியிருக்க மாட்டேன். அதை யாரும் கேட்கவில்லை.)

ஆனால் வினாடி வினாவைவிட சுவாரசியம் அதற்குக் கீழே பின்னூட்டங்களில் நடந்த சண்டை. எங்கள் நாட்டை ஏன் சேர்க்கவில்லை என்று ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் தினமும் வந்து கேட்பார். பாலஸ்தீனத்தை ஏன் விட்டீர்கள் என்பார் ஒருவர், கொசோவோவை எப்போது சேர்ப்பீர்கள் என்பார் இன்னொருவர். பர்மா என்று அடித்தேன், ஏன் ஏற்கவில்லை என்று அழுவார் வேறொருவர். இவர்கள் எல்லோருக்கும் பதில் சொல்லும் பொறுப்பை நானாகவே எடுத்துக்கொண்டேன். "பட்டியலில் இல்லை என்றால் இல்லை. பெயர் மாறிவிட்டது என்றால் மாறிவிட்டது." எல்லோருக்கும் இதே பதில்தான். ஸ்காட்லாந்துக்காரர் ஒருநாள் பொறுக்க முடியாமல், "உங்களுக்கு இந்த அதிகாரத்தை யார் கொடுத்தது?" என்று எழுதினார். அதைப் பாராட்டு என்று நினைத்து ஹாஸ்டல் தோழிகளிடம் காட்டினேன்.

இப்போது யோசித்தால் அந்தப் பைத்தியத்துக்குக் காரணம் புரிகிறது. லீவுக்குச் சென்னையில் அத்தை வீட்டுக்குப் போனால், பக்கத்து வீட்டில் என்னைத் தெலுங்குப் பெண் என்பார்கள். திருப்பதியில் வாயைத் திறந்தால் "அரவ அம்மாயி", அதாவது தமிழ்ப் பெண். எந்தப் பெட்டியில் போட்டாலும் கையோ காலோ வெளியே நீட்டிக்கொண்டிருந்த எனக்கு, இது உள்ளே, அது வெளியே என்று அடித்துச் சொல்லும் ஒரு பட்டியல் கிடைத்ததில் பெரிய நிம்மதி. அதை யாராவது அசைத்தால் கோபம் வந்தது.

இந்த நிலைமையில்தான் புத்தூர்ப் பக்கமிருந்து வரன் வந்தது. எங்களைப் போலவே தமிழ் பேசும் குடும்பம். பையன் பெயர் முரளி, பாலிடெக்னிக் முடித்தவர், வெளிநாட்டில் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை, மூன்று வார லீவில் வந்திருக்கிறார். போட்டோவில் காது இரண்டும் கொஞ்சம் விடைத்துக்கொண்டு, இப்போதுதான் யாரோ சிரிக்காதே என்று சொன்ன மாதிரி ஒரு முகம். எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, யாரும் இல்லாதபோது எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

எந்த வெளிநாடு என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. நைனாவின் பூகோளத்தில் இந்தியாவுக்கு வெளியே மொத்தம் மூன்றே இடங்கள்: குவைத், அமெரிக்கா, மிச்சம். பையன் மிச்சத்தில் இருக்கிறான் என்று தெரிந்ததோடு அவருக்குத் திருப்தி. ஆனால் உள்ளுக்குள் ஒரு பயமும் இருந்தது. எங்கள் ஊர் ஏழுமலை அண்ணனை மஸ்கட் அனுப்புகிறேன் என்று கூட்டிப்போன ஏஜென்ட், பம்பாயில் ஒரு ரூமில் அடைத்துவிட்டுக் காணாமல் போனான். பக்கத்து ஊரில் ஒரு துபாய் மாப்பிள்ளை, தாலி கட்டி ஆறு மாசம் கழித்து, சூலூர்ப்பேட்டை லாட்ஜில் ரூம்பாயாக இருந்து பிடிபட்டான். வெளிநாடு என்றால் எங்கள் பக்கம் ஆசையும் பயமும் ஒரே பஸ்ஸில்தான் வந்து இறங்கும்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி, பெண் பார்ப்பதற்கு முதல் தடவை வீட்டுக்கு வர மாட்டார்கள். திருச்சானூரில் தாயாரைச் சேவிக்க வருகிற மாதிரி இரண்டு வீட்டாரும் வருவார்கள். "அடடே, நீங்களா?" என்று ஆச்சரியப்படுவார்கள். பிடித்தால் சம்பந்தம் பேசுவார்கள், பிடிக்காவிட்டால் சாமி கும்பிட்டதோடு சரி, யாருக்கும் அவமானம் இல்லை. எவ்வளவு யோசித்து வைத்த ஏற்பாடு! இதில்கூட அவமானத்தை உண்டாக்க முடியும் என்று காட்டியவள் நான்.

முரளியோடு அவர் அம்மாவும் பெரியப்பாவும் வந்திருந்தார்கள். அம்மா அதிகம் பேசவில்லை. என் கையைப் பிடித்து, தன் தலையிலிருந்து கொஞ்சம் கனகாம்பரத்தைக் கிள்ளி எனக்கு வைத்துவிட்டார். அவருக்கும் சேர்த்துப் பெரியப்பா பேசினார்.

"எங்க வம்சத்துக்கு வெளிநாடு புதுசு இல்லம்மா. எங்க தாத்தாவே பர்மாவுல இருந்தவரு."

"மியான்மர்" என்றேன்.

"இன்னாது?"

"இப்ப அது பேரு மியான்மர்."

பெரியப்பா என்னை ஒருதரம் பார்த்தார். "அவரு போனப்ப பர்மாதாம்மா" என்றார். என் அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில், "ரெண்டு பேரும் அப்பிடி குளத்தாண்ட போய் பேசிக்கினு இருங்க" என்று அனுப்பினார்கள். படியில் இறங்கி, நாகரிகமான இடைவெளி விட்டு உட்கார்ந்தோம். பெரியவர்கள் மேலே கம்பிப் பக்கம் நின்று, எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்குக் கம்ப்யூட்டர்ல இன்னா புடிக்கும்?" என்று கேட்டார் முரளி.

"ஜியாகரபி."

அவர் சிரித்தார். போட்டோவில் அடக்கிவைத்திருந்த அந்தச் சிரிப்பு இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "அப்ப நான் கீற எடம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தைவான்" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஓ, அப்படியா, அங்கே குளிருமா, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று லட்சணமாகக் கேட்டிருக்க வேண்டும். எந்தப் பெண்ணும் அதைத்தான் கேட்டிருப்பாள். என் வாயில் வந்தது, "அது நாடு இல்லையே."

"இன்னாங்க?"

"நாடுன்னு கணக்குல வராது. ஐ.நா. லிஸ்ட்ல இல்ல."

முதலில் அவர் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார். "தனி நோட்டு கீது, தனி பாஸ்போர்ட் கீது, தனி மிலிட்டிரி கீது. வேற இன்னாங்க வேணும் நாடாவுறதுக்கு?"

"லிஸ்ட்ல இருக்கணும்."

"சரி, வாடிகன் உங்க லிஸ்ட்ல கீதா?"

"இருக்கு."

"அது ஐ.நா.வுல மெம்பரா?"

(இல்லை. இந்த ஒரு இடத்தில் என்னை மடக்க முடியும் என்பது ஸ்காட்லாந்துக்காரருக்குக்கூடத் தெரியாது.) எனக்குக் காது சூடானது. "அது... அது விதிவிலக்கு" என்றேன்.

"யாரு குடுத்த விலக்கு?"

"அதெல்லாம் ரூல்ஸ். நீங்க சொல்றதால மாறாது."

"அப்ப மூணு வருசமா நான் எங்கதாங்க தூங்கறேன்?"

அவர் முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. அவருக்கு அந்தச் சண்டை பிடித்திருந்தது என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், நேருக்கு நேர் ஒரு ஆள் என் பட்டியலை அசைக்கிறான் என்பதுதான். எழுந்து நின்றேன். வகுப்பில் பதில் சொல்கிற குரலில், குளத்துக்கு அந்தக் கரைவரை கேட்கிற மாதிரி சொன்னேன்: "நீங்க ஆயிரம் சொன்னாலும் அப்படி ஒரு நாடே கிடையாது!"

மேலே கம்பிப் பக்கம் நின்ற நைனாவுக்கு அந்த ஒரு வரிதான் விழுந்தது. ஏழுமலை அண்ணனும் லாட்ஜ் மாப்பிள்ளையும் ஒன்றாக அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். செருப்பைக்கூடப் போடாமல் படியில் இறங்கி வந்தார்.

"இன்னா பாப்பா, நாடே இல்லியா?"

"நைனா, அது வந்து..."

"கீதா இல்லியா? ஒண்ண சொல்லு."

அப்போதுகூட நான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் முரளி ஜெயித்துவிடுவார். "லிஸ்ட்ல இல்ல நைனா" என்றேன்.

நைனாவுக்கு அது போதும். பெரியப்பாவின் சட்டையைப் பிடித்துவிட்டார். "இல்லாத நாட்டுல இன்னாய்யா வேலை? படிக்காத பசங்கன்னு ஏமாத்தலாம்னு வந்தீங்களா? எட்றா பாஸ்போர்ட்ட!"

யாராவது பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு தாயார் தரிசனத்துக்கு வருவார்களா? அது புத்தூரில் பீரோவில் இருந்தது. "வீட்ல கீதுங்க" என்று முரளி சொன்னதும், நைனா கூட்டத்தைப் பார்த்து, "பாத்தீங்களா!" என்றார். அதற்குள் நல்ல கூட்டம். பூ விற்கிற அம்மா பக்கத்துக் கடைக்காரியிடம், "பெள்ளிகொடுக்கு மோசம் சேசாடண்ட்ட" என்று விளக்கினார். மாப்பிள்ளை ஏமாற்றுக்காரனாம். ஒரு ஆள் போலீசைக் கூப்பிடலாமா என்று கேட்டார். பெரியப்பா, "யோவ், கைய எடுய்யா" என்று கத்தினார். முரளியின் அம்மா முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் வைத்த கனகாம்பரம் என் தலையில் இருந்தது.

டவுன் பஸ்ஸில் நைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்தால் கண்டக்டரிடம், பக்கத்து சீட்டுக்காரர் திரும்பினால் அவரிடம். "நம்ம பொண்ணு எம்.சி.ஏ. சார். உக்காந்த அஞ்சு நிமிசத்துல கண்டுபுட்ச்சிட்ச்சி. இல்லன்னா ஏமாந்து பூட்டிருப்போம்." பக்கத்து சீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கும்பிடாத குறை.

பஸ் ஸ்டாண்டு வரும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. "நைனா, அது கீது" என்றேன்.

"எது?"

"அந்த நாடு. அவரு பொய் சொல்லல. பெரிய பெரிய கம்பெனில்லாம் கீது அங்க."

"நீதான இல்லன்னு சொன்ன?"

"லிஸ்ட்லதான் இல்ல. ஆனா கீது."

நைனா என்னைத் திட்டவில்லை. தன் கையை விரித்து அதையே பார்த்தார். "அப்ப நான் எதுக்கு அந்தாளு சட்டையப் புட்ச்சேன்?" என்று கேட்டார். காளஹஸ்தி பஸ் வந்ததும், வழக்கமாகக் குடிக்கும் டீயைக்கூடக் குடிக்காமல் அம்மாவோடு ஏறிப் போய்விட்டார்.

நான் நேராக இன்டர்நெட் சென்டருக்குத்தான் போனேன். (நாய் வாலை நிமிர்த்த முடியாது.) வாடிகன் விஷயத்தில் முரளிக்குச் சொல்ல வேண்டிய பதிலைக் கண்டுபிடித்தாக வேண்டும், மனசு அதிலேயே நின்றது. பழைய சண்டைகளைப் புரட்டினேன். அதில் தைவானிலிருந்து யாரோ எழுதியிருந்தார்கள்: "முதலில் என் ஊரைத்தான் அடித்தேன். அது வெள்ளையாகவே இருந்தது." அதற்குக் கீழே நான் எழுதிய பதில்: "பட்டியலில் இல்லை என்றால் இல்லை."

அந்த வரியை எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. கேட்டிருக்கிறேன். எனக்கு அப்போது பதினொரு வயது. அரசாங்க நிலம் கிடைத்தவர்கள் பட்டியலில் நைனாவின் பெயர் விட்டுப்போயிருந்தது. அவருக்குத் தெலுங்கு படிக்க வராது என்பதால், ஸ்கூலுக்கு லீவு போட்டு என்னை ரெவின்யூ ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போவார். தலையைத் தூக்காமல் குமாஸ்தா சொல்வார்: "லிஸ்ட்டுலோ லேதம்மா." லிஸ்ட்டில் இல்லை. அந்த வருஷம் அந்த நிலத்தில் கடலை பூத்து நின்றது. நைனா திரும்பி வரும் வழியெல்லாம் கேட்பார்: "லிஸ்ட்ல இல்லன்னா, அப்ப நான் எந்த நெலத்துல நிக்கறேனாம்?" அந்த குமாஸ்தாவை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று சொல்லி மாளாது. பெரியவளாகி ஒருநாள் அந்த ஆள் முகத்தில் பேப்பரை விட்டெறிய வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். பெரியவளாகி நான் செய்தது என்னவென்றால், அந்த ஆள் நாற்காலியிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. சம்பளம்கூட இல்லாமல்.

வெட்கமாக இருந்தது. சென்டர்காரர் டைம் ஆகிவிட்டது என்று சொல்வதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் ஊருக்குப் போன் செய்து, புத்தூர் போய் மன்னிப்புக் கேட்கப்போகிறேன் என்றேன். பெண்ணே மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதா என்று அம்மா கத்தினாள். நைனா போனை வாங்கி, "எத்தினி மணி பஸ்ஸு?" என்று மட்டும் கேட்டார். நான் புத்தூரில் இறங்கியபோது எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார், கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில்.

கதவைத் திறந்தது பெரியப்பா. எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "வாங்க. இன்னிக்கி கீதா அந்த நாடு?"

"கீதுங்க" என்றார் நைனா. "தப்பு நம்மளுது."

பெரியப்பா உள்ளே போய் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து நைனாவின் கையில் வைத்தார். வேண்டாம் என்று சொன்னால் அது இன்னொரு அவமானம். ஆங்கிலம் தெரியாத நைனா, ஒவ்வொரு பக்கமாக, முத்திரை இல்லாத வெற்றுப் பக்கங்களைக்கூட விடாமல் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். குடிக்கத் தண்ணீர் வந்தது. காபி வரவில்லை. முரளியின் அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை. எங்களுக்குப் புரிந்தது.

பஸ் ஸ்டாப் வரைக்கும் முரளி கூட வந்தார். நைனா வேண்டுமென்றே நாலடி முன்னால் நடந்தார்.

"வாடிகன் விசயத்துல நீங்க சொன்னதுதான் சரி" என்றேன்.

"அது எனக்குத் தெரியும்" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "அங்க எங்கூட வேல செய்றவங்க, வெளியூர் போனா எந்த நாடுன்னு கேட்டு உசிர எடுக்கறாங்கன்னு வருத்தப்படுவாங்க. எனக்கு அது பழக்கம்னு சொல்வேன். சென்னைல தெலுங்குன்றான், திருப்பதில அரவம்ன்றான்."

உலகத்தில் இதை இப்படியே சொல்லக்கூடிய ஒரே ஆளை அல்லவா நான் கத்தி விரட்டியிருக்கிறேன்! "நீங்க... வீட்ல மறுபடியும்..." என்று இழுத்தேன்.

"நம்ம சண்ட எனக்குப் புடிச்சிதாங்க இருந்துச்சி. ஆனா எங்கம்மா, தாயார் கோயில்ல திருடன் அம்மாவாட்டம் உக்காந்துட்டு வந்துட்டாங்க. மறுபடியும் உங்க முன்னாடி அவங்கள நிக்கவெக்க என்னால முடியாது." கோபமே இல்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சண்டை போட்டிருப்பேன். பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆனது. என் கணவர் திருப்பதி ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியன், நல்ல மனுஷன். அவர் பெண் பார்க்க வந்தபோது நைனா கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊரு?"

"கங்காதர நெல்லூருங்க."

நைனா கண்ணை மூடி யோசித்தார். "அது கீது. நான் பஸ்ல போயிக்கீறேன்" என்றார். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் வீட்டார் சமையலறைக்குள் ஓடிப்போய் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து இது குடும்பக் கதை. யாராவது வெளிநாடு போகிறேன் என்றால், எங்கள் வீட்டு வாண்டுகள்கூட "கீதா இல்லியா, ஒண்ண சொல்லு" என்று கத்தும். எந்தக் கல்யாணப் பந்தியிலும் நைனா இதைச் சொல்லாமல் எழுந்ததில்லை. பெரியப்பா சட்டையைப் பிடித்தது, பூக்காரம்மா சொன்னது, போலீசைக் கூப்பிட இருந்தது எல்லாவற்றையும் நடித்தே காட்டுவார். பந்தி சிரிக்கும், என் கணவர் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பார். டவுன் பஸ்ஸில் ஏறியதோடு கதை முடிந்துவிடும். புத்தூர் போனதை மட்டும் நைனா யாரிடமும் சொன்னதில்லை.

போன மாசம் ஒரு பந்தியிலிருந்து எழுந்து கை கழுவும்போது, ஏன் நைனா அதை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன்.

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே நடந்தார். "அதுல சிரிக்கறதுக்கு இன்னா கீது?" என்றார்.